எல்லாம் சுரப்பிகளின் வேலை

"பஞ்சை நல்லா அழுத்திப் பிடிச்சுக்குங்க டீச்சர், ஒன்றரை மணி நேரத்துல ரிசல்ட் குடுத்துடுவோம்" என்றாள் ரத்தம் எடுத்த பெண். ஒன்றரை மணி நேரம் என்றால் எட்டே முக்கால், எட்டே முக்காலுக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினால் ஒன்பதேகாலுக்குப் பள்ளிக்கூடம், பத்து மணிக்குப் பள்ளி நிர்வாகச் செயலாளர் வருவதற்குள் கடிதத்தையும் ரிசல்ட்டையும் சேர்த்துப் பின் குத்தி ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்துவிடலாம் என்று அம்சவேணியின் மனசு தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. போட்ட கையோடு, இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் போடுகிற அந்த மனசின் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. கடிதம் கைப்பையில் இருந்தது. அவள் எழுதியதில்லை, ஹெட்மாஸ்டர் கோதண்டபாணியே உட்கார்ந்து எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் கொடுத்தது. கடந்த வெள்ளிக்கிழமை நடந்த ஆசிரியர் கூட்டத்தில், உடல்நலக் குறைவு காரணமாக நிதானம் இழந்து நான் பேசிய சொற்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மருத்துவ அறிக்கை இணைத்துள்ளேன். அனைத்தையும். இந்த ஒரு வார்த்தையில்தான் மூன்று நாளாக அவள் புடவை முந்தானை ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறாள். சிலதை என்றால் கொடுத்துத் தொலைத்திருப்பாள். ஹெட்மாஸ்டரை "நீ" என்றது தப்பு, டீ டம்ளரை அறைந்து வைத்ததில் பிசிக்ஸ் வாத்தியார் மனோகரனின் வெள்ளைச் சட்டை நனைந்தது, அதுவும் தப்பு என்றே இருக்கட்டும். ஆனால் அனைத்தையும் என்றால் அந்தப் பெண் வெண்மதியைப் பற்றிச் சொன்னதும் அதில் போய்விடும். அது போனால் இன்றைக்கே அவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அக்டோபர் மாசத்தில் பிளஸ் ஒன் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? பெரிய கடைவீதி ஜவுளிக்கடைதான் சேர்த்துக்கொள்ளும்.

பக்கத்து நாற்காலியில் தணிகாசலம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான், மின்வாரியத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பெண்டாட்டிக்கு ரத்தப் பரிசோதனை பார்க்க வந்த நல்ல புருஷன். நல்ல புருஷன்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதனால்தான் எரிகிறது. "ஏதாச்சும் சாப்பிடறியா அம்சா? வெறும் வயிறு. அதுலயும் கோவம் வரும்" என்றான், பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல். அதிலும் கோபம் வரும். தூக்கம் இல்லாவிட்டாலும் கோபம் வரும், வெயிலிலும் கோபம் வரும், ஐம்பது நெருங்கினால் வரும், மாசத்தில் அந்த மூன்று நாள் வந்தாலும் வரும், வராமல் தள்ளிப்போனாலும் வரும். அவளுக்குக் கோபம் வருவதற்கு இந்த வீட்டில் நூறு காரணம் வைத்திருக்கிறார்கள், எதைப் பார்த்துக் கோபம் வந்தது என்கிற காரணத்தை மட்டும் ஒருத்தரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அவள் அப்பாவுக்கு வராத கோபமா? சாம்பாரில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும், தெருவே கேட்கும், அப்பாவைக் கூட்டிப்போய் யாராவது ஒரு சிரிஞ்சு ரத்தம் எடுத்தார்களா? அவர் முன்கோபக்காரர், ஆனா மனசு தங்கம் என்று ஊர் சொன்னது. அப்பாவுக்கு வந்தது கோபம், இவளுக்கு வந்தது ஹார்மோன். இதைத் தணிகாசலத்திடம் சொன்னால், பார்த்தியா, இப்பவும் கோவப்படறே என்பான். அவள் பஞ்சை எடுத்துப் பார்த்தாள், ரத்தம் நின்றிருந்தது.

எதிர்ச் சுவரில் தைராய்டு சுரப்பியின் படம் ஒட்டியிருந்தது, கழுத்தில் பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி, அம்புக்குறியோ சுரப்பியை விட்டுவிட்டு மேலே குரல்வளையைக் காட்டிக்கொண்டிருந்தது. எவன் போட்டானோ, எழுந்துபோய்த் திருத்தலாமா என்று கை துறுதுறுத்தது. இருபத்திரண்டு வருஷம் விலங்கியல் எடுத்த கை. ஒரு மூளை வரையச் சொன்னால் தூக்கத்தில்கூட வரைந்துவிடும். பெரிய வளைவு, உள்ளே சின்ன வளைவு, நடுவில் ஹைப்போதலாமஸ், அதன் கீழே காம்பில் தொங்குகிற பிட்யூட்டரி, பக்கத்தில் கடல்குதிரை மாதிரி ஹிப்போகேம்பஸ், அது நினைவுக்கு, அதன் முனையில் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா, அது பயத்துக்கும் கோபத்துக்கும். இதெல்லாம் சேர்ந்ததுதான் லிம்பிக் மண்டலம் பிள்ளைகளா, நம்ம வீட்டுச் சமையல்கட்டு, முன்ஹாலில் மூளை நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே அடுப்பு பற்றிவிடும். கிடப்பது கயிறா பாம்பா என்று ஹாலில் இருப்பவர் முடிவு பண்ணுவதற்கு முன்னாடியே கால் குதித்துவிடும். இந்த இடத்தில் அவள் வகுப்பில் நிஜமாகவே ஒரு குதி குதிப்பாள், பிள்ளைகள் சிரிக்கும், ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் அதே சிரிப்பு. அப்படியானால் வெள்ளிக்கிழமை குதித்தது யார்? பாம்பைப் பார்த்துக் குதித்ததா, பாம்பே இல்லாமல் கால் தானாகக் குதித்ததா? அதைத்தான் இப்போது உள்ளே ஒரு மிஷின் அவளுடைய ரத்தத்தை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சாட்சி எல்லாம் அவளுக்கு எதிராகத்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை. அந்த வாரத் திங்கட்கிழமை சிலிண்டர் கொண்டுவந்தவனை வாசலில் நிறுத்திக் கத்தினாள், அவன் செய்த குற்றம் காலிங்பெல்லை இரண்டு தரம் அடித்தது. செவ்வாய்க்கிழமை தேங்காயெண்ணெய் விளம்பரம் பார்த்து அழுதாள், ஒரு அம்மா மகளுக்குத் தலை பின்னிவிடுகிறாள், அவ்வளவுதான், அதற்கு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். புதன்கிழமை மகன் போனை நோண்டிக்கொண்டே சாப்பிட்டான் என்று தோசைத் திருப்பியைச் சுவரில் எறிந்தாள், சுவரில் தடம் இருக்கிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, பகலிலேயே கண் சொக்குகிறது, ஃபேனுக்குக் கீழே குளிர்கிறது. ஒரு மாணவி இதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து இது என்ன டீச்சர் என்று கேட்டால், யோசிக்காமல் தைராய்டு என்று சொல்லி முழு மார்க் போட்டுவிடுவாள். ஆக, சிலிண்டர்க்காரன் மேல் வந்தது சுரப்பியின் கோபம், தோசைத் திருப்பி பறந்தது சுரப்பியின் கோபம், வெள்ளிக்கிழமை வந்தது மட்டும் தன்னுடைய கோபம் என்று எந்த முகத்தோடு பிரித்துச் சொல்வாள்? ரத்தத்தில் ஓடுகிறது எல்லாம் ஒரே ரத்தம். அவள் சயின்ஸ் படித்தவள், தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் சயின்ஸை ஒதுக்கி வை என்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது.

"தைராய்டுக்கா?" என்று மறுபக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டபின் இரண்டாம் தரம் கொடுப்பதற்காக டிபன் டப்பாவில் இட்லியோடு வந்திருந்தவள், மஞ்சள் பூசின முகம், அறுபது இருக்கும். ஆமாம் என்று அம்சவேணி தலையாட்டினாள். "எனக்கும் இருந்திச்சும்மா. பயப்படாத. மாத்திரை போட்டா போயிடும்." என்ன போய்விடும் என்று கேட்டாள். "எல்லாந்தான். முன்னெல்லாம் எங்க வூட்டுக்காரரு எது சொன்னாலும் எரிஞ்சு எரிஞ்சு வுழுவேன். இப்ப என்னா சொன்னாலும் கோவமே வர்றதில்ல. அவரு பாட்டுக்குப் பேசிட்டுக் கெடப்பாரு, நான் பாட்டுக்குச் சோறு ஆக்குவேன்." என்ன சொல்வார் என்று அம்சவேணி கேட்டாள். அந்த அம்மாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே யோசித்துப் பார்த்துவிட்டு, "அதே பேச்சுதான், அது மாறல" என்று சிரித்தாள். அம்சவேணி நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒருவேளை நாளை காலையிலிருந்து மாத்திரை போட ஆரம்பித்து, ஒரு மாசத்தில் மனோகரனைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாமல், குட்மார்னிங் சார் என்று சொல்லிக்கொண்டு போய்விடுவாளோ? அப்படி ஆகிவிடுவதற்குப் பெயர்தான் குணமாவது என்றால் யாருக்கு வேண்டும் அது? சீ, என்ன பேச்சு, நோய் நோய்தான், மாத்திரை மாத்திரைதான், மாத்திரையைக் குறை சொல்லுகிற விலங்கியல் டீச்சரை எங்கேயாவது பார்த்திருக்கிறோமா என்று தன்னையே அதட்டினாள்.

மனோகரன் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று தெரிந்தவன், பிசிக்ஸ் படித்தவன். அவன் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: புதன்கிழமை மூன்றாவது பீரியட் செய்முறை வகுப்பில், ஆய்வகத்து சிங்க் அடைத்துக்கொண்டால், அடைப்பெடுக்க வெண்மதியைக் கூப்பிடுவான். வாரா வாரம் அடைக்கும். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் வாரா வாரம் வெண்மதியைத்தான் கூப்பிடுவான். "உனக்குப் பழக்கந்தானே, உங்கப்பாகிட்ட கேட்டா டெக்னிக் சொல்லிக் குடுப்பாரே" என்பான், சிரித்துக்கொண்டே. வெண்மதியின் அப்பா நகராட்சியில் சாக்கடை அள்ளுகிறவர். கையை விட்டு அள்ளிவிட்டு, அந்தக் கையோடு தனியாக நின்று அவள் ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும், மற்ற பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். செய்முறை மார்க் அவன் கையில் இருக்கிறது, அதனால் வகுப்பில் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. இது அம்சவேணிக்குத் தெரிந்ததே போன வியாழக்கிழமைதான், வெண்மதியின் அம்மா டி.சி. வாங்க வந்து பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றபோது. "புள்ள மூணு வாரமா எந்திரிக்க மாட்டேங்குது டீச்சர். புதங்கெழம வந்தா வாந்தி எடுக்குது. ஒங்ககிட்ட சொன்னேன்னு சொல்லிச்சே" என்றாள் அந்த அம்மா. குற்றமாகக்கூடச் சொல்லவில்லை, ஒரு தகவல் மாதிரிச் சொன்னாள். மறுநாள் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர், பதினொன்று பி, வெண்மதி, குடும்பச் சூழ்நிலை என்று வாசித்தபோது, மனோகரன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "குடும்பமாவது ஒண்ணாவது சார். இந்த வயசுப் பொண்ணுங்க தொட்டாச்சிணுங்கி, எதுக்கெடுத்தாலும் அழுகை. எல்லாம் ஹார்மோன். நம்ம டீச்சரைக் கேளுங்க, அவங்கதானே அந்தப் பாடம் எடுக்கறாங்க." எல்லாரும் அவள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்கள். அப்போதுதான் டம்ளர் மேஜையில் இறங்கியது.

ஒங்ககிட்ட சொன்னேன்னு சொல்லிச்சே. நான்கு நாளாக எதை யோசித்தாலும் சுற்றிக்கொண்டு இங்கேதான் வந்து நிற்கிறது, வந்த உடனே மனசு வேறு பக்கம் ஓடப் பார்க்கிறது, சிலிண்டர்க்காரன், தோசைத் திருப்பி, அப்பாவின் தட்டு, சுவரில் தப்பான அம்புக்குறி, எதையாவது பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறது. ஆமாம், சொன்னாள். ஆகஸ்ட் மாசம், இரண்டாவது புதன்கிழமை, இரண்டாம் பீரியட் முடிந்து மணி அடித்த பிறகு. லிம்பிக் மண்டலம் நடத்தி முடித்து, குதித்துக் காட்டி, சிரிப்பு வாங்கி, நல்ல வகுப்பு எடுத்த திருப்தியில் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியாக, ரிப்பன் ஒன்று அவிழ்ந்த இரட்டைச் சடையோடு, கடைசி பெஞ்சுப் பெண் மேஜைக்கு வந்து நின்றது. "டீச்சர், பயமா இருந்தா கை வேர்க்கும்னு சொன்னீங்கல்ல. எனக்கு பிசிக்ஸ் லேபுக்குப் போவணும்னாலே வேர்க்குது டீச்சர்." சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்து மேஜையில் வைத்தது, எடுத்தபோது மரத்தில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தது. அம்சவேணிக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம் வந்தது. பாடத்தைத் தன் உடம்பில் பொருத்திப் பார்க்கிற ஒரு பிள்ளை கிடைத்துவிட்டாளே என்கிற சந்தோஷம். சாக்பீஸை மறுபடி எடுத்தாள், அழித்த இடத்திலேயே மூளையை வரைந்தாள், இதோ பார் கண்ணு, இதுதான் அமிக்டலா என்று அம்புக்குறி போட்டாள், இது கூப்பாடு போடும், ஹைப்போதலாமஸ் சுவிட்சைப் போடும், சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி இருக்குல்ல அட்ரினல் சுரப்பி, அது அட்ரினலினை அவிழ்த்துவிடும், அதான் வேர்க்குது, அதான் நெஞ்சு படபடங்குது, உன் வயசுல இதெல்லாம் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கும், எல்லாம் ஹார்மோன், நல்லாத் தூங்கு, மூச்சை இழுத்து விடு, கடலைமிட்டாய் சாப்பிடு. அந்தப் பெண் படத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, "சரிங்க டீச்சர்" என்றது. பிறகு மூன்றாம் பீரியடுக்குப் போனது. அவள்தான் அனுப்பினாள், "ஓடு ஓடு, லேபுக்கு நேரமாச்சு" என்று முதுகில் தட்டி.

அவ்வளவு அழகாக வரைந்த மூளையில் எந்த இடத்தில் அந்தக் கேள்வி இல்லாமல் போயிற்று? பாம்பைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு, எங்கே பாம்பு என்று கேட்கவில்லையே. கேட்டால் என்ன, இரண்டு நிமிஷம், மூன்று வார்த்தை. மனோகரன் ஹார்மோன் என்று சொன்னதற்கு மேஜையை அறைந்தாயே, அவனுக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது யார்? அவனுக்கு முன்னால், அவனைவிட அன்பாக, கலர் சாக்பீஸில் படம் போட்டுச் சொன்னது நீதானே. ஒருவேளை வெள்ளிக்கிழமை அவள் கத்தியது அவனைப் பார்த்தே இல்லையோ என்று கூட இப்போது தோன்றியது. இதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை, தணிகாசலத்திடம் சொல்லவில்லை, கூட்டத்தில் அத்தனை கத்தலிலும் சொல்லவில்லை. மனோகரன் செய்ததை எல்லாம் சொன்னாள், ஆகஸ்டில் அந்தப் பெண் தன்னிடம் வந்ததை விழுங்கிவிட்டாள். அதனால்தான் ஹெட்மாஸ்டரால் அவ்வளவு சுலபமாக, "எப்பத்திலிருந்து டீச்சர்? யார்கிட்ட சொல்லிச்சு? எழுத்துல இருக்கா? அந்தம்மா இப்ப டி.சி. வேணும்னு வந்து சொல்றதுதானே?" என்று கேட்க முடிந்தது. நீ மனுஷனா என்று மட்டுந்தான் அவளால் சொல்ல முடிந்தது.

"அம்சவேணி மேடம்!" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். எட்டே முக்கால்கூட ஆகவில்லை. அவள் எழுவதற்குள் தணிகாசலம் போய் வாங்கிவிட்டான், நின்றபடியே பிரித்தான், அவன் முகத்தில் பரவியதைப் பார்த்தபோது பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்ட தகப்பன் மாதிரி இருந்தது. "டி.எஸ்.எச். பதினாலு புள்ளி ஆறு! அஞ்சைத் தாண்டவே கூடாதாம். நான் அப்பவே சொன்னேனா இல்லியா? உன் தப்பே இல்ல அம்சா, எல்லாம் இதான்." அவள் தாளை வாங்கிப் பார்த்தாள், பதினாலு புள்ளி ஆறு தடித்த எழுத்தில் இருந்தது. உடம்பு முழுக்க ஒரு தளர்வு இறங்கியது, அதை அவள் மறைத்துச் சொல்வதற்கில்லை, நன்றாகவே இருந்தது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. உன் தப்பே இல்லை. எத்தனை நாளாக இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்திருக்கிறாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, மெமோ இல்லை, சஸ்பென்ஷன் இல்லை, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. கடிதத்தை வெளியே எடுத்தாள், கைப்பையை மடியில் வைத்து அதன் மேல் விரித்தாள், அனைத்தையும் என்கிற வார்த்தைக்கு வந்தாள். வெண்மதிக்கு யார் ரத்தம் எடுப்பார்கள்? எடுத்தாலும் அந்தப் பிள்ளையின் ரத்தத்தில் என்ன இருக்கும்? எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆகஸ்டில் அந்தக் கை வேர்த்தபோது அதன் சுரப்பிகள் எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தன, பாம்பு இருந்தது, பயந்தன. வேலை செய்யாதவள் டீச்சர்.

அவள் கவுண்டருக்குப் போய், ஒரு வெள்ளைத்தாள் இருந்தால் கொடும்மா என்று கேட்டாள். சாய்ந்து நின்று எழுதினாள், எழுத்து கோணலாக விழுந்தது, அது கோபமா சுரப்பியா வெறும் வயிறா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. "எனக்குத் தைராய்டு குறைபாடு இருக்கிறது. அறிக்கை இணைத்துள்ளேன். மாத்திரை சாப்பிடப் போகிறேன். தங்களை ஒருமையில் பேசியதற்கும் மேஜையில் டீயைக் கொட்டியதற்கும் வருந்துகிறேன். மற்ற எதையும் திரும்பப் பெறவில்லை. ஆகஸ்ட் மாதம் இரண்டாவது புதன்கிழமை, இரண்டாம் பீரியட் முடிந்ததும், பதினொன்று பி வெண்மதி என்னிடம் வந்து, இயற்பியல் ஆய்வகத்துக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று சொன்னாள். நான் காரணம் கேட்காமல் அவளைத் திரும்ப அதே ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இது என் தவறு. இதற்கு என்னை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த விசாரணை முடியும்வரை அவளுக்கு டி.சி. கொடுக்கக்கூடாது. நகல்: செயலாளர், மாவட்டக் கல்வி அலுவலர்." தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அறிக்கையை மேலே வைத்துப் பின் குத்தினாள்.

தணிகாசலம் தோளுக்கு மேலிருந்து முழுவதையும் படித்துவிட்டான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எல்லாம் வடிந்து போயிருந்தது. "பைத்தியமா உனக்கு? தப்பிக்க வழி கெடைச்சிருக்கு, நீயே போய்த் தலையைக் குடுக்கறே. மாத்திரை ஒரு மாசம் சாப்பிட்டுப் பாரு, அப்புறமும் தோணிச்சுன்னா எழுது."

"ஒரு மாசத்துல அவ ஜவுளிக்கடையில நிப்பா."

"இதைக் குடுத்தா மனோகரனையா கேப்பாங்க? மொதல்ல உன்னைத்தான் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்க, தெரியுதா?"

"கேக்கட்டும்" என்றாள் அம்சவேணி. "நான்தான் கேக்கல."